கொசு உள்ளானா, செங்கழுத்து உள்ளானா? உதவி தேவை

ஆகஸ்ட் கடைசி வாரம் சேற்றுத் திட்டில் எடுத்த, ஒரு சின்னக் கரைப்பறவையின் நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். இளம்பறவை என்பதில் சந்தேகமில்லை: இறகோரங்கள் தேயாமல் புதிதாக இருக்கின்றன, முதிர்ந்தவை இந்நேரம் நைந்துபோயிருக்கும். கால் கறுப்பு. சேறு ஒட்டிய கறுப்பல்ல, தண்ணீரில் நடந்து ஏறிய பிறகும் அப்படியே. ஆகவே மஞ்சள் கலந்த கால் கொண்ட டெம்மிங்க் உள்ளானை விட்டுவிடலாம்.

குழப்பம் முதுகில்தான். கொசு உள்ளான் இளம்பறவைக்கு முதுகில் வெள்ளை 'வி' கோடு பளிச்சென்று இருக்கும், இதில் மங்கல். மடித்த சிறகின் டெர்ஷியல் இறகுகள் (உடலை ஒட்டிய உள்சிறகு இறகுகள்) கொசு உள்ளானுக்குக் கருநடுவும் செம்பழுப்பு ஓரமுமாக இருக்கும். செங்கழுத்து உள்ளானுக்குச் சாம்பல் தூக்கல். மூன்றாம் படத்தில் சாம்பலாகத்தான் தெரிகிறது. ஆனால் அது உச்சிவெயில் படம், வெளிச்சம் கூடினால் செம்மை வெளுத்துவிடும் (கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலையையும் நம்ப முடியாது). முதல் படத்தை வைத்துப் பாருங்கள்.

கால் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல வேண்டாம். பறவை கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருக்கிறது. பறவை இன்னும் அங்கேயே மேய்கிறது. காலை இளவெயிலில் பக்கவாட்டுப் படம் எடுத்தால் போதுமா, பறக்கும்போது குரலையும் பதிவு செய்ய வேண்டுமா?