புதுப்பிப்பு: பாசிக்குடா ஸ்பாவில் போட்ட ஜெல் பொலிஷ் கிளம்பியது ஏன்

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ரிசோர்ட் ஸ்பாவில் மெனிக்கியூரோடு போட்ட ஜெல் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு), இரண்டு கிழமை நிற்க வேண்டியது, சில நாளிலேயே நுனியில் கிளம்புகிறது.

சரிவந்தது, "கையை ஊறவிடாமல் செய்யச் சொல்லுங்கள்" என்ற யோசனை. வெந்நீரில் ஊறிய நகம் தண்ணீரைக் குடித்து விரியும். பிறகு காய்ந்து சுருங்கும்போது ஜெல் கூடச் சுருங்காது, பிடி விட்டுவிடும். இம்முறை நகத்தோல் இளக்கும் திரவம் மட்டும் பூசித் தோலைத் தள்ளினார்கள். நகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைச் சுரண்டி, மினுக்கத்தை அராவி எடுத்து, அசிட்டோனால் துடைத்த பிறகே அடிப்பூச்சு. பூச்சுகள் மெல்லியதாக, நுனி விளிம்பையும் மூடி. பெருவிரல்களைத் தனியாக விளக்கில் வைக்கச் சொல்லுங்கள். மற்ற நாலோடு வைத்தால் சாய்ந்து நின்று ஒரு பக்கம் சரியாக இறுகாது. இப்போது அசையாமல் நிற்கிறது.

எதிர்பாராதது நுளம்புக் கிறீம். அதிலுள்ள டீட், கால்விரலில் போட்ட சாதாரண பொலிஷை இளக்கிவிட்டது. பூசினால் நகத்தைத் துடைத்துவிடுங்கள்.

பெடிக்கியூருக்கு முதல்நாள் கால் சவரம் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே தொட்டித் தண்ணீரின் கிருமி ஏறும். குதிக்காலை பிளேட்டால் சீவ வந்தால் மறுத்துவிடுங்கள், எவ்வளவு ஆடம்பர ஸ்பா என்றாலும்.

ஜெல்லைக் கழற்ற: மேற்பூச்சை அராவிவிட்டு, அசிட்டோன் பஞ்சு சுற்றி 10–15 நிமிடம். உரித்தால் நகத்தின் மேற்படையும் கூட வரும்.