3 மாதம்: தண்டனையா, விடுமுறையா?

வலைக்கம்பி:
பக்கத்து இழையில் சுழல்மாமா ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். “ஊக்கமருந்து விஷயத்தில் விளையாட்டு வீரனைப் போல நசுக்கப்படுபவன் வேறு யாருமில்லை, இருமல் மருந்து குடித்தாலே வாழ்க்கை போச்சு” என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் 2024 மார்ச்சில் இரண்டு முறை, குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துக்கான சோதனையில் சிக்கினார். ஆகஸ்ட் வரை வெளியே மூச்சு விடவில்லை. கடைசியில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையுடன் பேசி முடித்து 3 மாதம். 2025 பிப்ரவரி 9 முதல் மே 4 வரை. ஆஸ்திரேலிய ஓப்பனில் கோப்பையைத் தூக்கிய பிறகு தொடங்கி, பிரெஞ்சு ஓப்பனுக்கு முன்பே முடிகிற 3 மாதம். இதற்குப் பெயர் நசுக்குவதா?

சுழல்மாமா:
தம்பி, பாதியைச் சொல்லி மீதியை விழுங்காதீர்கள். சின்னரின் பிசியோவுக்கு விரலில் வெட்டு. அதற்கு அவர் குளோஸ்டெபால் கலந்த ஸ்பிரே அடித்துக்கொண்டார். கையுறை போடாமல் சின்னருக்கு மசாஜ் செய்தார், தோல் வழியாக உள்ளே போனது. அளவு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று முகமையே ஒப்புக்கொண்டது. செய்யாத தப்புக்கு 3 மாதமே அதிகம்.

வலைக்கம்பி:
அந்த ஸ்பிரேயின் பெயர் ட்ரோஃபோடெர்மின். இத்தாலியில் விற்கும் அதன் அட்டைப்பெட்டியிலேயே ‘டோப்பிங்’ என்று எச்சரிக்கைக் குறி அச்சடித்திருக்கும். வாங்கி வந்தவர் சின்னருடைய உடற்பயிற்சியாளர். கண்ணில் படவில்லையாம்.

இதே மருந்து, களிம்பாக. நார்வே பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாவுக்கு 2016இல் உதடு வெடித்ததற்கு அணி மருத்துவர் இத்தாலியில் வாங்கிக் கொடுத்தார். ‘பிரச்சினை இல்லையே?’ என்று கேட்டுவிட்டுத்தான் தடவினார். தண்டனை என்ன தெரியுமா? முதலில் 13 மாதம், பிறகு விளையாட்டு நடுவர் மன்றத்தில் 18 மாதம். 2018 குளிர்கால ஒலிம்பிக் போச்சு. அதே மருந்து, அதே அட்டைப்பெட்டி. அவருக்கு 18, இவருக்கு 3.

மூன்றாம்நடுவர்:
ஒரு நிமிடம். போட்டியில் ஜெயிக்க எடுக்கும் மருந்து வேறு, போதைப்பொருள் வேறு, போலீஸ் வழக்கு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமா?

சுழல்மாமா:
யோஹா தன் கையால் தன் உதட்டில் தடவினார். சின்னர் தன் கையால் எதையும் தொடவில்லை. இந்த வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

வலைக்கம்பி:
அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது.

சுழல்மாமா:
சின்னர் அந்த அட்டைப்பெட்டியைப் பார்க்கவே இல்லை!

வலைக்கம்பி:
அவர் சம்பளம் கொடுக்கும் ஆள் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கினார், சரி. 2025 ஜூலையில் அதே ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அவ்வளவு கோபம்!

பவுன்சர்99:
டென்னிஸை விடுங்கள், கிரிக்கெட்டுக்கு வாருங்கள். தென் ஆப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ரபாடா 2025 ஜனவரியில் கொக்கெய்னில் சிக்கினார். ஒரு மாதத் தடை. ஜூனில் லார்ட்ஸில் 9 விக்கெட். பிருத்வி ஷா கதை இன்னும் தமாஷ். 2019 ஜூலை கடைசியில் 8 மாதத் தடை என்று அறிவித்தார்கள், ஆனால் மார்ச்சிலிருந்து கணக்கு. நடுவில் ஐபிஎல்லே ஆடி முடித்துவிட்டார். சுழல்மாமா சொன்ன இருமல் மருந்து ஆள் இவர்தான்.

சுழல்மாமா:
அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனருக்கு ரஷ்யாவில் ஒரு கிராம்கூட இல்லாத கஞ்சா எண்ணெய்க்கு 9 ஆண்டுச் சிறை. அதுவும் சலுகையா?

பவுன்சர்99:
அது நீதிமன்றம் ஐயா, விளையாட்டு அமைப்பா கொடுத்தது? போதாக்குறைக்கு 10 மாதத்திலேயே ஓர் ஆயுத வியாபாரியைக் கொடுத்து மீட்டுக்கொண்டு போனார்கள். வேறு யாருக்கு நடக்கும்?

மூன்றாம்நடுவர்:
இதைத்தான் நான் மேலே கேட்டேன்.

சுழல்மாமா:
டென்னிஸ் வீராங்கனை ஹாலெப்பையும் பேசுங்கள். 4 ஆண்டு என்றார்கள். 2024 மார்ச்சில் 9 மாதம்தான் என்று குறைத்தார்கள். அதற்குள் சுமார் 17 மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த எட்டு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? இதே வாயால் சலுகை என்கிறீர்களே.

வலைக்கம்பி:
நீங்களே என் வழக்கை வாதாடுகிறீர்கள். ஹாலெப் 17 மாதம் வெளியே, இன்னொரு டென்னிஸ் வீராங்கனை ஷ்வியாந்தெக் ஒரு மாதம், சின்னர் 3 மாதம். சட்டம் ஒன்றுதானே? தடகளத்துக்கு வாருங்கள். கோமதி மாரிமுத்து 2019இல் ஆசியத் தங்கம் வாங்கினார். நாண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து என்றார்கள், 4 ஆண்டு, பதக்கமும் போச்சு. தெரியாமல்தான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரரின் தலையில். ஆய்வகத்துக்கும் நிபுணருக்கும் பெரிய வக்கீலுக்கும் கொட்டிக் கொடுக்கப் பணம் இருப்பவருக்கு அது நிரூபணம். இல்லாதவருக்கு 4 ஆண்டு.

சுழல்மாமா:
குளோஸ்டெபால் வேறு, நாண்ட்ரலோன் வேறு. இதுகூடத் தெரியாமல் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள்.

வலைக்கம்பி:
யோஹா எடுத்தது எது? குளோஸ்டெபால். 18 மாதம். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது.

ஓடுகளம்:
வலைக்கம்பி, ‘ஷ்வியாந்தெக்’ இல்லை, ‘ஷ்வியோந்தெக்’. பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர் தீர்ப்பு எழுதுகிறார்.

வலைக்கம்பி:
போலந்துப் பேராசிரியருக்கு வணக்கம். ஒரு மாதம் என்பது சரிதானே? அதைச் சொல்லுங்கள்.

ஓடுகளம்:
மெலடோனின் மாத்திரையில் கலப்படம். அவர் தப்பில்லை.

வலைக்கம்பி:
எல்லாருக்கும் ஒரு கதை கிடைக்கிறது. மாத்திரை, பிசியோ விரல். அமெரிக்க ஓட்டக்காரி ஷெல்பி ஹூலிஹன், சாப்பிட்ட பன்றி இறைச்சிதான் காரணம் என்றார், நம்பவில்லை, 4 ஆண்டு. ஓட்டக்காரி சொன்னால் கட்டுக்கதை, முதல் தர வரிசைக்காரர் சொன்னால் அறிவியல்.

சுழல்மாமா:
உங்களுக்கு டென்னிஸ்காரர்கள் மேல் காழ்ப்பு. போன வருடம் கிரிக்கெட் சுழல்பந்து வீரர் வார்னே பற்றிய இழையிலும் இப்படித்தான். அம்மா கொடுத்த மாத்திரை என்று அவர் சொன்னதற்கு நக்கலடித்தீர்கள். மறந்துவிட்டதா?

வலைக்கம்பி:
மறக்கவில்லை. 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள், ஓராண்டுத் தடை, திரும்பி வந்து 500 விக்கெட்டைத் தொட்டார். அப்போதும் நீங்கள் அழுதீர்கள். உங்கள் பெயரிலேயே சுழல் இருக்கிறது, நடுநிலையை எங்கே எதிர்பார்ப்பது?

சுழல்மாமா:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். நான் 20 வருடமாக டென்னிஸ் பார்க்கிறேன்.

பவுன்சர்99:
20 வருடமாகப் பார்த்தும் 3 மாதத்துக்குள் எத்தனை கிராண்ட் ஸ்லாம் போனது என்று எண்ணவில்லை.

சுழல்மாமா:
பூஜ்யம். அது தேதிகளின் தற்செயல்.

வலைக்கம்பி:
ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை தடை வேண்டும் என்று மேல்முறையீடு செய்த முகமை 3 மாதத்துக்கு இறங்கி வந்தது. தேதியும் தற்செயலாக அமைந்தது. யோஹாவுக்கு மட்டும் ஒலிம்பிக் தற்செயலாகப் போனது. நல்ல தற்செயல்.

மூன்றாம்நடுவர்:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா?

ஓடுகளம்:
சுழல்மாமா சொல்வது சரி. யோஹா தன் கையால் தடவினார்.

வலைக்கம்பி:
மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தடவினார்! மேலே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள். சுழல்மாமா, வார்னே இழையில் நீங்கள் எழுதியதையும் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன், இரவுக்குள் போடுகிறேன்.

சுழல்மாமா:
போடுங்கள். அம்மா மாத்திரை பற்றி நீங்கள் எழுதியதும் சேர்ந்தே வரட்டும்.