சூடேறியதும் நின்றுவிடும் கொரோலா 110: எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

வதிரிவாசி

வணக்கம். எங்களிடம் இருப்பது 1996 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. 5ஏ பெற்றோல் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வண்டி. ஓடியது 318,000 கிலோமீற்றர். அப்பா வாங்கிய கார். அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வியாழக்கிழமைகளில் அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு கிளினிக்குக் கூட்டிச் செல்ல எங்களுக்கு வேறு வாகனம் இல்லை.

காலையில் ஒரே திருப்பில் பிடித்துவிடும். வல்லை வெளி தாண்டி ஆவரங்கால் வரை குறை சொல்ல எதுவும் இல்லை. புத்தூர், நீர்வேலி என்று வரும்போது இலேசாக மிஸ் அடிக்க, அதாவது எஞ்சின் விட்டுவிட்டு எரிந்து தடுமாறத் தொடங்கும். கோப்பாய்ச் சந்தியை நெருங்கும்போது ஒரே அடியாக நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை முறை திருப்பினாலும் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பொனற்றைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தால், எதுவும் நடக்காததுபோலப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் என்றால் வீட்டு வாசலிலேயே மிஸ் அடிக்கும்.

முதல் கராஜில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். இரண்டு கிழமை கழித்து பெற்றோல் பம்பையும் பில்ட்டரையும் மாற்றினார்கள். இரண்டாவது கராஜில் திரொட்டிலைக் கழற்றிக் கழுவினார்கள். இதுவரை 48,000 ரூபாய் போய்விட்டது. கணினிக் கருவி வைத்துப் பார்க்கும் இடத்திற்கும் கொண்டுபோனேன். அதைச் செருகும் வாய் இந்த வண்டியில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது, "மூன்று லட்சம் ஓடிய எஞ்சின், இனி இப்படித்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்" என்கிறார்கள்.

கார் வழியில் நின்ற நாளில் அம்மா வெயிலில் மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

பரந்தன் ஓட்டுநர்

எனது வானிலும் இதே தொல்லை இருந்தது. எனக்கு, வண்டி நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வில் கரி பிடித்திருந்தது. கழுவிய பிறகு சரியாகிவிட்டது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். புதிதாகப் பூட்டிய பம்ப் தரமானதா என்றும் பாருங்கள், சந்தையில் போலிகள் நிறைய வருகின்றன.

கோண்டாவில் பழைய கராஜ்காரன்

தம்பி, எஞ்சினை மாற்ற வேண்டாம். குறைந்தது நான் சொல்வதைப் பார்த்து முடிக்கும்வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

பரந்தன் தம்பி சொல்லும் ஐடில் வால்வு, வண்டி நிற்கும் இடத்தில் எஞ்சினை அணைக்கும். ஓட்டத்தில் அணைக்காது, இருபது நிமிடம் பிடிக்காமலும் வைத்திருக்காது. உங்கள் காரில் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. ஈரத்தில் மிஸ் அடிப்பது ஒன்று. சூட்டில் நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் கராஜ்காரர்கள் ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

முதலில் சூட்டில் நிற்பதைப் பார்ப்போம். உங்கள் காரில் ஆர்.பி.எம். முள் இருக்கிறதா? அடுத்த முறை எஞ்சின் அணையும்போது உடனே கிளச்சை மிதிக்காதீர்கள். வண்டி கியரிலேயே ஓரிரு நொடி உருளட்டும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூச்சியத்தில் விழுந்தால், தீப்பொறிப் பக்கத்தில்தான் கோளாறு. முள் வேகத்தோடு மெதுவாக இறங்கினால் பெற்றோல் பக்கத்தைத் தேடலாம். இதைச் சனமில்லாத தெருவில் செய்யுங்கள், எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து முள்ளைப் பார்க்கட்டும்.

கணினிக் கருவி செருக முடியாது என்று திருப்பி அனுப்பியது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. அந்தக் காலத்து டொயோட்டா தன் குறையைத் தானே சொல்லும். பொனற்றுக்குள் "டயக்னோசிஸ்" என்று மூடியில் எழுதிய சிறிய பெட்டி இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் துளைகளின் பெயர்கள் அச்சிட்டிருக்கும். டீ.ஈ.1, ஈ.1 ஆகிய இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். வேறு துளையில் செருகிவிடாதீர்கள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் விளக்கு மின்னும். இடைவெளி இல்லாமல் ஒரே சீராக மின்னினால் பதிவான குறை இல்லை. ஒருமுறை மின்னி, சற்று நின்று, நான்குமுறை மின்னினால் எண் 14. அப்படியென்றால் தீப்பொறியை இயக்கும் இக்னைட்டர் என்ற மின்னணுப் பகுதியிலிருந்து வண்டியின் கணினிக்குப் பதில் சைகை வரவில்லை. அந்தச் சைகை வராவிட்டால் டொயோட்டாக் கணினி பெற்றோல் தெளிப்பதையும் நிறுத்திவிடும். உங்கள் பெற்றோல் பம்ப் எதற்காக மாற்றப்பட்டது என்று இப்போது விளங்கும் என நினைக்கிறேன். எஞ்சினுக்குள் பெற்றோல் வரவில்லை என்று கண்டதும் பம்பைக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள்.

ஈரத்தில் மிஸ் அடிப்பதற்கு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவி, பிளக் இருக்கும் குழிக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். 5ஏ எஞ்சினில் டெப்பட் கவர் எனும் மேல் மூடிக்குள் இருக்கும் வட்ட ரப்பர் சீல்கள் வயதானால் இறுகி, அந்தக் குழிக்குள் ஒயில் கசியும். பிளக்கின் வெளிப்புற வெள்ளைப் பீங்கானில் ஒயில் என்றால் அந்த ரப்பர்தான், சின்னச் செலவு. உள்ளே எரியும் நுனியில் ஒயில் ஈரம் என்றால்தான் ரிங், வால்வு சீல் பற்றிக் கவலைப்பட வேண்டும். புது பிளக்கைப் பூட்டியவர் இந்தக் குழியைப் பார்த்திருக்க வேண்டும்.

பிளக்கின் நுனியை வாசிக்க நான் பழகியது 1990 களில். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. பழைய ஒஸ்டின் ஏ40 கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிளக் கரி பிடித்துக் கறுக்கும், கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவோம். மாற்றுவதற்குப் புது பிளக் கிடைக்காது. அதனால் எது கெட்டது என்று நிச்சயமாகத் தெரியாமல் எதையும் தூக்கி எறிய மாட்டோம். இளம் பழுப்பு நிறம் என்றால் அந்த சிலிண்டர் சுகமாக இருக்கிறது, தம்பி.

எஞ்சின் தேய்ந்துவிட்டதா என்று அறிய நல்ல வழி கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்ப்பது. சூடான எஞ்சினில், நான்கு பிளக்கையும் கழற்றி, தீப்பொறி இணைப்பையும் இன்ஜெக்டர் இணைப்பையும் துண்டித்து, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு பார்க்க வேண்டும். 140 பி.எஸ்.ஐ. க்குக் கீழே போனாலோ, ஒரு சிலிண்டர் மற்றதைவிட 14 க்கு மேல் குறைந்தாலோ பேசுவோம். அளவு காட்டாமல் எஞ்சினை மாற்றச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மானிப்பாய் வயரிங்

ஐயா சொன்னதோடு இன்னொன்று. வல்லை வெளியில் உப்புக் காற்று எப்போதும் வீசும். தினமும் அதற்குள்ளால் போகும் வண்டியின் பிளக் வயர்களில் உப்புப் படியும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு எஞ்சினை இயக்கி, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் வயர்களின் மேல் மெல்லிய தூறலாக அடியுங்கள். கையால் தொடாதீர்கள். நீல நிறப் பொறி ஓடினால் வயர் போய்விட்டது. பகலில் மீற்றரால் அளந்தாலும் தெரியும், ஒரு வயர் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டக்கூடாது. பற்றரியிலிருந்து வண்டியின் பொடிக்கும் (உடற்பகுதிக்கும்) எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர்களின் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வதிரிவாசி

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை முள்ளைப் பார்க்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்தேன். நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டியபோது தெருவில் வேறு வாகனம் இல்லை. வண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது. "தம்பி, முள் விழுந்துவிட்டது" என்று அம்மாதான் முதலில் சொன்னார். அதன் பிறகே எஞ்சின் சத்தம் இல்லை என்பது எனக்கு உறைத்தது. வண்டி உருண்டுகொண்டிருந்தது, முள் அடியில் கிடந்தது.

அங்கேயே ஓரம் கட்டி, வயர்த் துண்டைச் செருகினேன். விளக்கு ஒருமுறை மின்னியது, நின்றது, நான்குமுறை மின்னியது. மறுபடியும் அதே. அம்மாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 14 என்று எழுதிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிளக் குழிகளைப் பார்த்தேன். முதலாவதும் இரண்டாவதும் உலர்ந்திருந்தன. நான்காவதில் கொஞ்சம் ஒயில். மூன்றாவதில் பிளக்கின் அறுகோணப் பகுதி தெரியாத அளவுக்கு ஒயில் நின்றது. வயரின் ரப்பர்த் தொப்பி ஒயிலில் ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் மாவைப்போல உள்ளே போனது. ஆனால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் நுனி ஐயா சொன்ன அதே இளம் பழுப்பு. இரவில் தண்ணீர் தெளித்தபோது மூன்றாவது வயரில் நீலப் பொறி நூல்போல ஓடியது.

நெல்லியடியில் ஒருவர் கொம்ப்ரெஷன் பார்த்துத் தந்தார்: 172, 170, 165, 168. மூன்று லட்சம் ஓடிய எஞ்சின் இது. அப்பா தவறாமல் ஒயில் மாற்றியவர்.

இக்னைட்டர் எனது வண்டியில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே இருக்கிறது. அதுதானா என்று உறுதி செய்ய, எஞ்சினை ஐடிலில் விட்டு, தங்கையின் முடி உலர்த்தும் கருவியால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சூடாக்கினேன். ஆறு நிமிடத்தில் எஞ்சின் அணைந்தது. ஈரத் துணியில் சுற்றிய ஐஸ் பையை வைத்துக் குளிர்வித்ததும் பிடித்தது. இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் அதே.

டெப்பட் கவர் சீல்களும் புது வயர்களும் பூட்டிவிட்டேன். மழை பெய்த மறுநாளும் மிஸ் இல்லை. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கடையில் பாவித்த முழு டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று இருக்கிறது. அதை வாங்குவதா, புது இக்னைட்டரை மட்டும் வாங்குவதா?

கோண்டாவில் பழைய கராஜ்காரன்

புது இக்னைட்டரை மட்டும் வாங்குங்கள். அந்தப் பாவித்த டிஸ்ட்ரிபியூட்டரும் உங்கள் காரின் வயதுடையதுதான், அதற்குள் இருக்கும் இக்னைட்டரும் இதே வெயிலைத்தான் பார்த்திருக்கும்.

கழற்றுமுன் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பாகத்திலும் எஞ்சினிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறிவையுங்கள். அதற்குள் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இக்னைட்டரின் அடியில் காய்ந்த வெள்ளைப் பசை இருக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, வெப்பத்தைக் கடத்தும் புதுப் பசை பூசிய பிறகுதான் புதியதைப் பூட்ட வேண்டும். பசை இல்லாமல் பூட்டினால் அதுவும் சூட்டில் செத்துவிடும். பூட்டி முடிந்ததும் டீ.ஈ.1, ஈ.1 இரண்டையும் இணைத்துக்கொண்டு டைமிங் விளக்கால் தீப்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள், 10 பாகையில் நிற்க வேண்டும். பிறகு வயர்த் துண்டை எடுத்துவிட்டு, ஈ.எப்.ஐ. பியூஸை ஒரு நிமிடம் கழற்றிப் பூட்டினால் பழைய 14 அழிந்துவிடும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன், நடுப்பகலில் நீங்கள் தனியாக ஒருமுறை யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வாருங்கள். முள் விழாவிட்டால் வியாழக்கிழமை அவரை ஏற்றலாம்.