தெரு இணைப்பா, தெருப்பிணைவா?

அன்புடையீர், வணக்கம்.

நம் குழுவின் நகரமைப்புச் சொற்பட்டியலில் ‘street connectivity’ என்பதற்குத் ‘தெரு இணைப்பு’ என்றிருப்பதைக் கண்டேன். எளிய சொல்தான், ஆனால் நாம் கருதும் பொருளுக்கு அது போதாது. ஒரு தெரு இன்னொன்றோடு சேர்ந்திருக்கிறதா என்பதன்று இங்கே கேள்வி. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் செல்ல எத்தனை மாற்றுவழிகள் உண்டு, எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதே.

வேலூரில் லாங்பஜாரை ஒட்டிய பழைய தெருக்களில், ஒரு சந்தில் வண்டி மறித்து நின்றால் அடுத்த சந்தில் புகுந்து போய்விடலாம். 2008இல் மாநகராட்சியாகி, பின்னர் சத்துவாச்சாரி, காட்பாடிப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்ட இவ்வூரின் புறப்பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே பல மனைப்பிரிவுகள் பெரிய சாலையை நோக்கி ஒரே வாயிலை வைத்துக்கொண்டு, பக்கத்து ‘நகர்’ இருக்கும் திசையில் மதிலை எழுப்பிவிடுகின்றன. மதிலுக்கு அப்பாலுள்ள மளிகைக் கடையின் பெயர்ப்பலகை மாடியிலிருந்து தெரியும். அங்கே போக வேண்டுமானால் மெயின்ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். அந்த முட்டுச்சந்துக்கும் ‘இணைப்பு’ உண்டு என்பதுதான் சிக்கல். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று பழகிய நமக்கு, இணைப்பு என்றால் ஒன்றே போதும்.

சந்திகளை முனைகளாகவும் அவற்றுக்கிடையிலுள்ள தெருத்துண்டுகளை விளிம்புகளாகவும் கொண்டால், மரம்போல் கிளைத்து முடியும் அமைப்பில் விளிம்புகள் முனைகளைவிட ஒன்று குறைவு. நாற்சந்திகளாலான பெரிய கட்டத்திலோ ஏறத்தாழ இரு மடங்கு. இப்படி முனைகளும் விளிம்புகளுமாக அமைந்த கோட்டுருக்களை ஆராயும் கோட்டுருவியலின்படி (graph theory) இரண்டுமே இணைந்தவைதாம். நகரம் விரியும்போது மாறுவது விளிம்புகளுக்கும் முனைகளுக்குமான இந்த விகிதம்.

ஆகவே ‘தெருப்பிணைவு’ என்பதை முன்மொழிகிறேன். கணினித்துறையில் ‘பிணையம்’ (network) முன்பே வழங்குகிறது; பிணைவெண், பிணைவுக்குறைவு என்று கிளைச்சொற்களும் இடறாமல் பிறக்கின்றன. ‘பிணை’ ஜாமீனை நினைவூட்டும் என்பார்கள்; ‘தெரு’ முன்னே நிற்கும்போது யாரும் நீதிமன்றத்துக்குப் போய்விட மாட்டார்கள். ‘தெருப்பின்னல்’ நல்ல சொல். ஆனால் அது அமைப்பின் பெயர், பண்பின் பெயரன்று. ‘சந்தி அடர்த்தி’யும், அதாவது குறிப்பிட்ட பரப்பில் எத்தனை சந்திகள் என்பதும், வேறு அளவை; முட்டுச்சந்துகள் மலிந்த இடத்தில்கூட முச்சந்திகள் நெருக்கமாக இருக்கக்கூடும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நீக்கினால் கோட்டுருவை இரண்டாக அறுத்துவிடும் விளிம்பை ஆங்கிலத்தில் ‘bridge’, அதாவது ‘பாலம்’ என்கிறார்கள். பாலாற்றின் மெய்யான பாலங்களைப் பற்றியும் எழுதப்போகும் நமக்கு அது குழப்பம். ‘வெட்டுவிளிம்பு’ என்றால், மனைப்பிரிவின் ஒற்றை வாயில்தெருவுக்கும் பொருந்தும். குழுவினரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.