'ரிஸ்க் லிமிட்டிங் ஆடிட்': தமிழில் எப்படிச் சொல்வது?

தல்லாகுளத்திலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். தேர்தல் சட்டச் சீர்திருத்தம் பற்றிச் சட்ட மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவரும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நின்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017இல் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்திய முறை அது. எண்ணிக்கை முடிந்தபின் காகித வாக்குச்சீட்டுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, கையால் சரிபார்க்கிறார்கள். அறிவிக்கப்பட்டவரே வென்றார் என்பதற்குப் போதிய சான்று கிடைத்தால் நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்காவிட்டால் மேலும் மேலும் எடுத்து, தேவைப்பட்டால் எல்லாச் சீட்டுகளையும் எண்ணிவிடுகிறார்கள். வாக்கு வித்தியாசம் பெரிதானால் சில சீட்டுகளே போதும். மயிரிழை வெற்றி என்றால் மிகப் பல வேண்டும்.

நம் நாட்டில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை, அதாவது வாக்குப்பதிவு இயந்திரத்தோடு இணைந்த 'விவிபேட்' கருவி ஒவ்வொரு வாக்குக்கும் அச்சிடும் தாள்களை, எண்ணுமாறு ஆணையிட்டது. வித்தியாசம் இலட்சம் வாக்கானாலும் நூறு வாக்கானாலும் அந்த ஐந்து ஐந்துதான். இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே உணர்த்த முடியுமா?

திருநகரிலிருந்து:

'இடர்வரம்புத் தணிக்கை' என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. இடரை ஒரு வரம்பிற்குள் நிறுத்தும் தணிக்கை என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரியும். வரம்பு மென்தொடர்க் குற்றியலுகரமாதலால் வல்லினம் மிகுவதிலும் தடையில்லை. இங்கே இடர் என்பது தவறான முடிவு திருத்தப்படாமலே நிலைத்துவிடும் வாய்ப்பைக் குறிக்கிறது. வரம்பு 5 விழுக்காடு என்றால், அறிவித்த முடிவு தவறாயிருக்கும் நிலையில், முழு எண்ணிக்கைக்குச் சென்று அதைத் திருத்துவதற்குக் குறைந்தது 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் 'பிழைவரம்பு' வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அது வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது.

மேலூரிலிருந்து:

தணிக்கை உருது வழியாக வந்தேறிய சொல் என்பது என் துணிபு. தணி என்னும் வினையடியில் அதைப் பொருத்துவோர், எதைத் தணிப்பதற்கு என்று சொல்ல வேண்டும். நம் மருதன் இளநாகனார் அகநானூற்று 77ஆம் பாட்டில் 'கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார், பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்' என்கிறார். கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஓலைகளை எடுக்க வந்தவர்கள் முதலில் இலச்சினையைப் பார்க்கிறார்கள். அது குலையாமல் இருக்கக் கண்ட பிறகே அதை நீக்குகிறார்கள். எண்ணும் மையத்தில் முகவர்கள் முன்னிலையில் முத்திரையைச் சரிபார்ப்பதும் இதுவேயன்றோ? 'பொறிகாண் ஆய்வு' என்றோ, 'குடவோலை ஆய்வு' என்றோ வழங்கினால் மரபும் நிற்கும், மொழியும் தூய்மையாகும்.

திருநகரிலிருந்து:

மேலூர் ஐயாவின் பாட்டு மறுக்க முடியாத சான்று. ஆனால் இன்றைய மாணவருக்குப் பொறி என்றால் இயந்திரம். 'பொறிகாண் ஆய்வு' மின்னணு இயந்திரத்தைச் சோதிப்பதாகவே படும். காகிதத்தை எண்ணிப் பார்ப்பதற்கு நேர்மாறான பொருள் அது. குடவோலை பற்றியும் ஒரு சொல்: உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரியவை, காட்டுவது திருவுளச் சீட்டை. தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தார்கள். வாக்களிப்பு என்று அதைச் சொல்லக் கூடாது. ஆயினும் யார் கையும் சாயாத தெரிவு என்ற அளவில் ஒப்புமை உண்டு. கொலராடோவிலும் பத்து முகமுள்ள பகடைகளைப் பொதுமக்கள் பார்க்க உருட்டித்தான் குலுக்கலுக்கான எண்ணைப் பெறுகிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

பள்ளி ஆசிரியை நான். தேர்தல் பணிக்குப் போய்வருபவள். ஒப்புகைச் சீட்டு என்ற சொல்லையே முதலில் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும் தாளுக்கு ஒப்புகை என்று பெயரிட்டதால், "சீட்டைக் கையில் குடுங்கம்மா" என்று கேட்கும் வாக்காளர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் குற்றமில்லை. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இதே மக்கள் நான்கு வண்ணச் சீட்டுகளை வாங்கி, முத்திரை குத்தி, மை மற்றொரு சின்னத்தில் படாதபடி முதலில் நெடுக்காக மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களிடம் இடர்வரம்பு என்று சொன்னால் வெள்ளச் சேதம் பற்றிப் பேசுகிறேன் என்று நினைப்பார்கள்.

'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்ற குறள் இந்தச் சட்டத்துக்கே எழுதியதுபோல் இருக்கிறது. ஆராயாமல் நம்புவதும் கூடாது, ஆராய்ந்தபின் ஐயுறுவதும் கூடாது. ஐயம் தீரும்வரை எண்ணுவது என்ற பொருளில் 'ஐயந்தீர் எண்ணிக்கை' என்று சொல்லலாமே! எவ்வளவு எண்ண வேண்டும் என்ற அளவும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

திருநகரிலிருந்து:

அழகான வினைத்தொகைதான், அம்மா. ஆனால் ஐயம் முற்றிலும் தீர்வதில்லை. குறிப்பிட்ட அளவுக்குள் வருகிறது. சட்ட வரைவில் 'தீர்' என்று எழுதிவிட்டால் தோற்றவர் மறுநாளே, என் ஐயம் தீரவில்லை என்று வழக்குத் தொடுப்பார்.

மேலூரிலிருந்து:

ஐயந்தீர் எனக்கு உடன்பாடு. தணிக்கைக்கு மட்டும் உடன்பட மாட்டேன்.

தல்லாகுளத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்புவதையும் எல்லா ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ணுவதையும் ஏற்க மறுத்துவிட்ட நிலையில், வித்தியாசத்துக்கு ஏற்ப எண்ணிக்கையை விரிக்கும் வழியைச் சட்டத்திருத்தமாகக் கேட்பதே எஞ்சியுள்ளது என்பது என் உறுதியான எண்ணம். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் முரண்பட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று தேர்தல் நடத்தை விதி 56டி ஏற்கெனவே சொல்கிறது. எனவே அடித்தளம் புதிதாக இட வேண்டியதில்லை. பாடக்குறிப்பில் 'இடர்வரம்புத் தணிக்கை' என்றே போகிறேன். மூவர் அதற்கு இசைந்து தனிமடல் எழுதியுள்ளனர், நேரமும் இல்லை.

உசிலம்பட்டியிலிருந்து:

அச்சில் அப்படியே இருக்கட்டும், ஐயா. வாக்குச்சாவடி முகவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் ஐயந்தீர் எண்ணிக்கை என்றுதான் சொல்வேன். அந்தச் சொல்லைக் கேட்டதும், "அஞ்சு பூத்தோட ஏன் நிறுத்தணும்?" என்று அவர்களே கேட்கிறார்கள்.