திருகோணமலையில் மாமாவோடு கல்வெட்டுப் பார்த்த கதை

கோணேசர் கோயிலுக்குப் போன அனுபவத்தை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது, அன்றைக்குக் கடைசியாகப் போன வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்த விகாரையைப் பற்றி. நான் திருகோணமலையில் உவர்மலைக்காரன். வெளியூர்ச் சொந்தங்கள் வந்தால் காலையில் கோயில், பிறகு கன்னியா வெந்நீரூற்று, பின்னேரம் நிலாவெளிக் கடல் என்று ஒரு சுற்றுக் காட்டி அனுப்பிவிடுவது வழக்கம். மட்டக்களப்பிலிருந்து மாமாவும் மாமியும் வந்தபோது அந்தக் கணக்கு கோட்டை வாசலிலேயே குழம்பிவிட்டது. மாமா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கல்லில் எழுத்தைக் கண்டால் ஆள் நகர மாட்டார்.

பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் கோயிலுக்குப் போக வேண்டும். போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். அப்படி வந்து சேர்ந்த கல் ஒன்று வாசல் நிலையில் இன்றும் நிற்கிறது. அதில் கயல் மீன் உருவம் இரண்டும் சிதைந்த தமிழ் வரிகளும் உண்டு. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று ஊரில் எல்லோரும் சொல்லும் பாட்டு அதுதான். குளக்கோட்டன் என்பது முன்பு கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். மாமா ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். ஒடுக்கமான வாசல், பின்னால் ஓட்டோவும் வானும் ஹோர்ன் அடிக்கின்றன. "மாமா, ஓரமா நில்லுங்கோ" என்று நான் இழுக்க, "நீ எத்தனை வருசமா இதால போய் வாறாய் தம்பி, ஒருநாளாவது நிமிர்ந்து பாத்தனியா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் குடையை விரித்துப் பிடித்தேன். உண்மையில் உள்ளூர்க்காரர் யாரும் அங்கே நிற்பதில்லை. வாசலைத் தாண்டியதும் மான்கள் வந்துவிடும், பிள்ளைகளின் கண் அங்கே போய்விடும். (தயவுசெய்து மானுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பையையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன.)

மேலே கோயிலில் கூட்டம். வெள்ளிக்கிழமை என்றால் எட்டு மணிக்கு முன்னமே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் வெறுங்காலோடு அந்தக் கல்லில் நிற்க முடியாது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் தொங்குகின்றன. மாமி யாருக்காகவோ ஒன்று வாங்கிக் கட்டினார், யாருக்கென்று சொல்லவில்லை. மாமா கடலை எட்டிப் பார்த்துக்கொண்டே 1956 கதையைத் தொடங்கினார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் இந்தப் பாறைக்குக் கீழே சுழியோடியபோது பழைய கோயிலின் தூண்களையும் லிங்கத்தையும் கண்ட கதை அது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1950இல், ஊருக்குள் கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. புதுக்கோயிலுக்குக் கும்பாபிசேகம் நடந்தது 1963இல். தேவாரம் பாடப்பட்ட தலம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், இந்தப் போன நூற்றாண்டுக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கன்னியாவில் சொல்ல அதிகம் இல்லை. ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. வாளியால் அள்ளி ஊற்ற வேண்டியதுதான். இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய ஊற்று என்ற ஐதீகத்தால், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களும் உண்டு. அழுது முடித்த குடும்பம் ஒரு பக்கம், செல்பி எடுக்கும் கூட்டம் மறுபக்கம். கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் நல்லது.

இனித்தான் நான் எழுத வந்த இடம். பெரியகுளம் பக்கம் காட்டுக்குள் வெல்கம் விகாரை இருக்கிறது. முன்பு நம்மவர்கள் நாதனார் கோயில் என்பார்களாம். சோழர் காலத்தில் அதைத் திருத்தி இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் வைத்தார்கள். பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை. நின்ற புத்தர் சிலை, செங்கல் இடிபாடுகள், அவற்றுக்கு நடுவே தமிழ்க் கல்வெட்டுகள். அணையாமல் எரியும் நந்தா விளக்கு, பசு என்று தமிழர் கொடுத்த தானங்கள் அவற்றில் பதிவாகி இருக்கின்றன. சோழர் என்றால் விகாரையை இடித்தவர் என்று ஒரு சாரார், சைவத்தைத் தவிர வேறெதையும் தொடாதவர் என்று இன்னொரு சாரார். இரண்டு பேரையும் ஒருநாள் இங்கே கூட்டிவர வேண்டும்.

மாமா வேட்டியை மடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் குந்திவிட்டார். காவலுக்கு நின்ற சிங்களத் தம்பி, தொட்டுவிடுவாரோ என்று பயந்தோ என்னவோ, கிட்ட வந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இது வாசிக்க ஏலுமா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். "ஏலும், கொஞ்சம் கொஞ்சமா" என்றார் மாமா. கல்லைத் தொடாமல் விரலை மட்டும் ஓட்டிக் காட்டினார். "இது ப, இது ட. ஆயிரம் வருசமா இந்த இரண்டும் பெரிசா மாறேல்லை. அந்தக் காலத்தில மேல புள்ளி வைக்க மாட்டாங்கள், அதுதான் கஷ்டம்." கனநேரம் தேடி, புள்ளியில்லாத 'பளளி' ஒன்றைப் பிடித்துவிட்டார். அந்தத் தம்பி உடனே போனை எடுத்து, மாமாவின் விரலோடு சேர்த்து அந்த எழுத்தைப் படம் பிடித்தான். வருகிறவர்கள் கேட்டால் காட்டலாமாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டார். மரத்தடியில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த மாமி, "இந்த மனுசனை விட்டா விடிஞ்சிரும்" என்றார். நிலாவெளி அன்றைக்கு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: இளவயது ஓட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொல்லாமல் வெல்கம் விகாரை என்றே சொல்லுங்கள். நின்று கூட்டிவருவதற்கும் சேர்த்து முதலே காசு பேசிவிடுங்கள், அங்கிருந்து திரும்ப வேறு ஓட்டோ பிடிப்பது பெரிய பாடு. எங்களைக் கொண்டுபோனவர் பாதியில் கூலியைக் கூட்டப் பார்த்தார், மாமி சமாளித்தார். முக்கியமாக, பின்னேரச் சாய்வெயிலில் போங்கள். உச்சி வெயிலில் அந்த எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியாது.