தீபாவளி இறைச்சி: எவ்வளவு வாங்குவது, மிஞ்சியதை என்ன செய்வது?

வினா (மல்லாவியிலிருந்து)

சென்ற தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தமையனார் ஆசையோடு ஒரு முழுக் கிடாயை வாங்கினார். அது போதாதென்று ஆறு பிராய்லர் கோழிகளும் வந்து சேர்ந்தன. நாற்பது பேரை எதிர்பார்த்திருந்தோம். அன்று பிடித்த மழையில் இருபத்தைந்து பேர்கூட வரவில்லை. இரவு அடுப்படியைப் பார்த்தபோது பெரிய கிடாரத்தில் பாதிக்கு மேல் கறி அப்படியே இருந்தது. மறுநாள் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. அதற்கு அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டதால் வீட்டில் எவரும் மச்சத்தைத் தொடவில்லை. கடைசியில் தென்னையடியில் கிடங்கு வெட்டி அந்தக் கறியைத் தாட்டோம். மண்ணைத் தள்ளும்போது ஈரல் துண்டுகள் இரண்டு மேலே மிதந்து நின்றன. அருகில் நின்ற அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. 2009ஆம் ஆண்டு ஒரு அகப்பைக் கஞ்சிக்காகப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இறைச்சி சாப்பிடுவதை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் கொன்ற உயிரை மண்ணுக்குள் போடுகிற நிலை இந்த வருடமும் வரக்கூடாது என்று நினைக்கிறேன். எவ்வளவு வாங்குவது, மிஞ்சினால் எப்படிக் காப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஒட்டுசுட்டான், விவசாயி)

தங்கச்சி, ஆட்களை எண்ணும் முன்பே கிடாயை வாங்கிவிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் பங்கு இறைச்சி போடும்போது அந்த வரிசை மாறுவதே இல்லை. தீபாவளிக்கு ஒரு கிழமைக்கு முன் ஒருவர் கொப்பியோடு வீடு வீடாகப் போவார். யாருக்கு ஒரு பங்கு, யாருக்கு அரைப் பங்கு என்று எழுதி முடிந்த பிறகுதான் ஆடு பார்க்கப் போவோம். உயிரோடு முப்பது கிலோ நிற்கும் கிடாயில் தலை, தோல், குடல் எல்லாம் போக எலும்போடு பதினான்கு கிலோ அளவில்தான் தேறும். அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அந்த வீட்டில் அன்று சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு.

விடியற்காலையில் பாயை விரித்து, தேக்கம் இலைகளைப் பன்னிரண்டு இடத்தில் பரப்பி, தொடையிறைச்சி, நெஞ்செலும்பு, கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து போடுவோம். ஈரல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பன்னிரண்டு துண்டாகத்தான் வெட்டப்படும். குடலைக் கழுவுவதற்கு ஒருவர், சட்டியில் ஏந்திய இரத்தத்தை வறைக்குக் கொண்டு போவதற்கு ஒருவர் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். (தலை யாருக்கு என்பதில் மட்டும் ஒவ்வொரு வருடமும் சண்டை வரும், அது வேறு கதை.) இன்று கடையில் நின்று “தனி இறைச்சியாகப் போடுங்கள்” என்று கேட்கிறவர்களுக்கு, தாங்கள் வேண்டாம் என்று விட்டது எங்கே போகிறது என்பது தெரியாது.

ஒரு மறி ஐந்து மாதம் சினைப்பட்டு ஈன்ற குட்டியை ஏறக்குறைய ஒரு வருடம் குழை வெட்டிப் போட்டு வளர்த்தால்தான் அது பங்குக்கு வரும். வளர்த்தவன் கையால் கயிற்றைக் கொடுத்து அனுப்பிய ஆட்டை எறிய மனம் வராது.

முன்பு வேட்டை இறைச்சியை வத்தல் போட்டதும் தேனில் இட்டு வைத்ததும் உண்டு. மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அதை இங்கே பேசாமல் விடுகிறேன்.

மறுமொழி 2 (கிளிநொச்சி, சுகாதாரத் துறை ஊழியர்)

ஐயா சொன்ன பங்கு முறையை நானும் விரும்புகிறேன். ஆனால் நோயுற்ற ஆடு பங்குக்கு வந்துவிடாதபடி அறுப்பதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

வினாவுக்கு வருகிறேன். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பலர் செய்யும் பிழை, கிடாரத்தை மூடி அப்படியே விடிய வைத்துவிட்டுக் காலையில் சூடாக்குவது. மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சைச் சில கிருமிகள் அதற்குள் உண்டாக்கிவிடும். பந்தி முடிந்தவுடன் கறியைத் தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, 4 பாகைக்குக் கீழ் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் வைப்பதென்றால் உறைபெட்டியில், மைனஸ் 18 பாகையில். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். குளிர்ப்பெட்டி நான்கு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரை. உங்கள் வீட்டில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாதிருந்தபடியால் தாட்டது சரியான முடிவுதான். அந்தக் கறியை மாட்டுக்கு வைக்கும் கழுநீர் வாளியில் ஊற்றாமல் விட்டதும் நல்லது. இரைமீட்கும் விலங்குக்கு இறைச்சி கொடுக்கக்கூடாது.

மண்டபங்களையும் உணவகங்களையும் குறை சொல்வது நமக்கு எளிது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான 105 கோடி தொன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. போயா (பூரணை) தினத்தில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும் என்பதற்காக முதல் நாளே இரண்டு மடங்கு வாங்கி, அதில் பாதியைக் குளிர்ப்பெட்டியின் மூலையில் மறந்துவிடுகிற வீடுகளில் என் வீடும் ஒன்று.

மறுமொழி 3 (முள்ளியவளை, கலியாணவீட்டுச் சமையல்காரர்)

அளவு கேட்டிருந்தீர்கள். ஆடும் கோழியும் இரண்டும் உள்ள பந்திக்கு எலும்போடு ஆட்டிறைச்சி ஆளுக்கு 150 கிராம், கோழி 100 கிராம் என்று நான் போடுவேன். ஆடு மட்டும் என்றால் 200 கிராம். பிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கிட வேண்டும். வரலாம், வராமலும் விடலாம் என்ற ஆட்களுக்கு ஆட்டைச் சமைக்கக்கூடாது. கட்டாயம் வருகிறவர்களுக்கு மட்டும் கிடாயை ஏற்றி, மேலதிகத்துக்குக் கோழியைத் துப்புரவாக்கிப் பச்சையாகவே குளிரில் வைத்திருங்கள். கூட்டம் வந்தால் அரை மணி நேரத்தில் கோழி வெந்துவிடும். வராவிட்டால் பச்சையாகவே உறையவைத்துவிடுங்கள், விரதம் முடியும் வரை கிடக்கும்.

பரிமாறும்போது ஒரு தடவைக்கு இரண்டு துண்டு போதும், ஆனால் கறிச்சட்டி மூன்று முறை சுற்றி வர வேண்டும். தாங்களே எடுத்துப் போடும் முறையில் கோப்பையில் மீதமாவது எப்போதும் கூடுதல் என்பதை ஒவ்வொரு மண்டபத்திலும் பார்க்கிறேன்.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. நேற்று அயலில் எட்டு வீடுகளைக் கேட்டேன். ஐந்து வீட்டார் முழுப் பங்குக்கும் மூன்று வீட்டார் அரைப் பங்குக்கும் சம்மதித்திருக்கிறார்கள். தமையனாருக்கும் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவருக்குச் சற்று மனக்குறைதான். கொப்பியை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். குடல் கழுவுகிற ஆளை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.